டிபி-லிங்க் டிடி-டபிள்யூ8968: காப்பர் லைன் மந்தமானால் கோளாறு எங்கே என்று காட்டும் மோடம்

ஃபைபர் உங்கள் தெருவுக்கு வந்துவிட்டதென்றால் இதைப் படிக்க வேண்டிய அவசியமில்லை. லைனை மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். ஃபைபர் இன்னும் எட்டாத ஊர்களில், பழைய பிஎஸ்என்எல் தொலைபேசி லைனிலேயே பிராட்பேண்ட் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இந்த ரிவ்யூ. வேகம் குறைந்ததும் "மோடம் போயிடுச்சு, வேற வாங்குங்க" என்று யாராவது சொல்வார்கள். மோடத்தை மாற்றுவதால் சரியாகிற கேஸ் குறைவு. கோளாறு பெரும்பாலும் வீட்டுச் சுவருக்கும் கம்பத்துக்கும் நடுவில்தான் இருக்கும். அது எங்கே என்று கண்டுபிடிக்க உதவுகிற மோடம்தான் நல்ல மோடம். அந்தக் கணக்கில் டிடி-டபிள்யூ8968 இன்றைக்கும் தேறுகிறது.

முதலில் பொருள். ஏடிஎஸ்எல்2+ (தொலைபேசிக் கம்பியில் நெட் கொண்டுவரும் முறை) மோடமும் 300 எம்பிபிஎஸ் வைஃபை ரவுட்டரும் ஒரே பெட்டியில். தொலைபேசி லைனுக்கு ஒரு போர்ட், 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட் நான்கு, ஒரு யூஎஸ்பி. நான்கு லேன் போர்ட்டில் ஒன்றை வான் போர்ட்டாக (வெளியிலிருந்து நெட் வரும் போர்ட்) மாற்றிக்கொள்ளலாம். நாளைக்கு ஃபைபர் வந்தாலும் தூக்கிப் போடாமல் ரவுட்டராக வைத்துக்கொள்ள அது உதவும். கூடவே போனையும் மோடத்தையும் ஒரே லைனில் பிரித்து மாட்டும் ஸ்ப்ளிட்டர் ஒன்று வரும். இதே கம்பெனியின் 8961 வரிசை இதைவிட மலிவு. ஆனால் அதில் யூஎஸ்பி கிடையாது.

இந்த மோடத்தின் உண்மையான மதிப்பு அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கிறது. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, பெயர், கடவுச்சொல் இரண்டுக்கும் admin என்பதைச் சிறிய எழுத்தில் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே டிஎஸ்எல் என்ற கட்டம் தெரியும். (கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.) கரண்ட் ரேட், மேக்ஸ் ரேட், எஸ்என்ஆர் மார்ஜின், லைன் அட்டெனுவேஷன், எரர்ஸ் (கெட்டு வந்த டேட்டாவின் கணக்கு) என்று ஐந்து வரிகள், அப்ஸ்ட்ரீமுக்கும் டவுன்ஸ்ட்ரீமுக்கும் தனித்தனியாக. ஸ்பீட் டெஸ்ட் தளம் "மெதுவாக இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்பதை இந்த ஐந்து வரிகள் சொல்லும்.

கரண்ட் ரேட் என்பது மோடமும் எக்ஸ்சேஞ்சில் உங்கள் லைன் போய்ச் சேரும் டிஎஸ்எல்ஏஎம் என்ற கருவியின் போர்ட்டும் இப்போது பேசிக்கொண்டிருக்கும் வேகம். மேக்ஸ் ரேட் என்பது இந்தக் கம்பியில் அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று மோடம் போடும் மதிப்பீடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் முடிந்தது. கரண்ட் 2048, மேக்ஸ் 11000 என்று காட்டினால் கம்பியில் குறையே இல்லை. உங்கள் போர்ட்டில் 2 எம்பிபிஎஸ் ப்ரொஃபைல் (வேக வரம்பு) போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதிக வேகப் ப்ளானுக்கு மாறியும் ப்ரொஃபைலை மாற்றாமல் விட்டிருந்தால் இப்படித்தான் காட்டும். லைன்மேனை வரவழைத்துப் பயனில்லை. பிராட்பேண்ட் புகாரில் "போர்ட் ப்ரொஃபைல் மாற்ற வேண்டும்" என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். கரண்டும் மேக்ஸும் ஒட்டி நின்று, இரண்டுமே ப்ளான் வேகத்துக்குக் கீழே இருந்தால் குற்றவாளி கம்பி. கரண்ட் ரேட் சரியாக இருந்தும் யூட்யூப் சுற்றிக்கொண்டே இருந்தால் கம்பியை விட்டுவிட்டு வைஃபை, ப்ளான் வரம்பு, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) பக்கம் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு. கரண்ட் ரேட் 2048 கேபிபிஎஸ் என்றால் ஸ்பீட் டெஸ்ட்டில் 2 எம்பிபிஎஸ் வராது. காப்பர் லைனில் டேட்டா 53 பைட் பொட்டலங்களாகப் போகிறது. அதில் உங்கள் சரக்கு 48 பைட்தான். அதற்கு மேல் பிபிபிஓஇ (பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) தலைப்பு, டிசிபி தலைப்பு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 15 சதவீதம் கழிந்துவிடும். 1.7 எம்பிபிஎஸ் வந்தால் அதுவே முழு வேகம். டவுன்லோட் ஜன்னலில் அது நொடிக்குச் சுமார் 215 கிலோபைட் என்று தெரியும். இதைக் குறை என்று புகார் கொடுத்தால் "சரிபார்த்தாயிற்று" என்று மூடிவிடுவார்கள். அது நியாயமும்கூட.

அடுத்தது அட்டெனுவேஷன். எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பதை டெசிபெல்லில் சொல்லும் எண் இது. 0.5 மி.மீ. செப்புக் கம்பியில் கிலோமீட்டருக்கு 14 டெசிபெல் அளவுக்கு இழப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 28 காட்டினால் கம்பி நீளம் 2 கிலோமீட்டர் சுற்றி, 42 என்றால் 3, 56 என்றால் 4. மெல்லிய 0.4 மி.மீ. கேபிளில் இழப்பு இன்னும் கூடுதல். இது ரோட்டில் போகும் தூரமல்ல. பில்லர் பெட்டி (தெருவோரக் கேபிள் பெட்டி), டி.பி. பெட்டி (வீடுகளுக்கு லைன் பிரியும் பெட்டி) என்று கேபிள் சுற்றி வரும் தூரம். ஏடிஎஸ்எல்2+ காகிதத்தில் 24 எம்பிபிஎஸ். ஆனால் 2 கிலோமீட்டரில் 15 பக்கம், 3 கிலோமீட்டரில் 8, 4 கிலோமீட்டரில் 4 கிடைத்தால் அது ஆரோக்கியமான லைன். அதற்கு மேல் எந்த மோடமும் கொண்டுவராது. கடைக்காரர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அட்டெனுவேஷனை ஒருமுறை குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் நீளம் மாறாததால் அது மாறவே கூடாது. 31ஆக இருந்தது திடீரென்று 40 ஆனால் எங்கோ ஒரு ஜாயின்ட் துருப்பிடித்துவிட்டது, அல்லது ஜோடியில் ஒரு கம்பி அறுந்துவிட்டது. இரண்டு கம்பியில் ஒன்று அறுந்தாலும் மோடம் சில நேரம் தட்டுத்தடுமாறி இணைந்துவிடும். பாதிக்கும் குறைவான வேகத்தில் நெட் வரும். ஆனால் போனை எடுத்தால் டயல் டோன் இருக்காது. நெட்தானே வேண்டும், போன் எதற்கு என்று போனையே மாட்டாமல் இருப்பவர்களுக்கு இது தெரியாமலே போகும். லைனில் ஒரு சாதாரண போனை மாட்டி டயல் டோன் கேட்பது எல்லாவற்றுக்கும் முதல் சோதனை. ஓர் எண்ணை அழுத்தி டோனை நிறுத்திவிட்டுக் காதில் வைத்துக் கேளுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால், பிராட்பேண்ட் என்ற பேச்சையே எடுக்காமல் 198இல் போன் புகாராகப் பதிவு செய்யுங்கள்.

எஸ்என்ஆர் மார்ஜின்தான் அன்றாடம் ஏறி இறங்கும் எண். இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு இடைவெளி வைத்திருக்கிறது என்று காட்டும். 6க்குக் கீழே போனால் லைன் அடிக்கடி அறுந்து மறுபடி இணையும். 7 முதல் 10 வரை சமாளிக்கும். 12க்கு மேல் கவலை இல்லை. காலை, மாலை, இரவு என்று ஓரிரு நாள் குறித்துப் பாருங்கள். இரவில் 2, 3 டெசிபெல் குறைவது இயல்பு. ஏடிஎஸ்எல்2+ பயன்படுத்தும் அலைவரிசை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. மீடியம் வேவ் வானொலி முழுக்க அதற்குள்தான் வருகிறது. இரவில் அந்த அலைகள் வெகுதூரம் பயணிக்கும். மோடம் இந்த அலைவரிசையை டோன் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துப் பயன்படுத்தும்; திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அந்தக் கணக்கில் 217ஆம் டோன். ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்து வீடுகளில் அதையொட்டிய டோன்கள் உபயோகமில்லாமல் போகும். டிஎஸ்எல் செட்டிங்ஸ் பக்கத்தில் பிட்ஸ்வாப் என்ற பெட்டி டிக் ஆகியிருந்தால், கெட்ட டோனில் இருந்த பிட்களை லைன் அறுபடாமலே நல்ல டோனுக்கு மாற்றிக்கொள்ளும். அந்த டிக்கை எடுக்காதீர்கள்.

மார்ஜின் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தடாலென்று இறங்கினால் வீட்டுக்குள் ஏதோ இரைகிறது. மலிவான எல்இடி பல்பின் டிரைவர், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் எல்லாம் சந்தேகப் பட்டியலில். கண்டுபிடிக்க ஒரு பழைய பாக்கெட் ரேடியோ போதும். மீடியம் வேவில், ஸ்டேஷன் எதுவும் வராத இடத்தில், 600 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பாருங்கள். எந்த அடாப்டர் பக்கம் போனால் 'ர்ர்ர்' என்று உறுமுகிறதோ அதைக் கழற்றிவிட்டு ஸ்டேட்டஸ் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். மார்ஜின் உடனே 4, 5 ஏறினால் ஆளைப் பிடித்தாயிற்று. சில நேரம் அது மோடத்தின் சொந்த அடாப்டராகவே இருக்கும். ஒரிஜினல் அடாப்டர் போய், கிடைத்ததை மாட்டியவர்கள் அதைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். வோல்ட்டும் ஆம்பியரும் மோடத்தின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும்.

ஸ்ப்ளிட்டர் விஷயத்தில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். கூட வரும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியில் லைன், போன், மோடம் என்று மூன்று துளைகள். போன் துளைக்குள் மட்டும்தான் வடிகட்டி இருக்கிறது. மோடம் துளை பெரும்பாலும் லைனுக்கு நேராகவே போகும். ஆகவே வீட்டில் போன் இல்லையென்றால் ஸ்ப்ளிட்டரே வேண்டாம். கம்பியை நேராக மோடத்தில் மாட்டுங்கள், ஓர் இணைப்பு மிச்சம். போன் இருந்தால் லைன் வீட்டுக்குள் நுழைந்ததும் வரும் முதல் ரொசெட் பாக்ஸிலேயே (சுவரில் உள்ள போன் இணைப்புப் பெட்டி) ஸ்ப்ளிட்டரை வைக்க வேண்டும். மாடிக்கு, படுக்கையறைக்கு, கடைக்கு என்று இழுத்த பேரலல் போன்கள் எல்லாம் ஸ்ப்ளிட்டரின் போன் துளையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் ரொசெட்டிலேயே ஒரு பேரலல் எடுத்திருந்தால் அந்தப் போனை எடுத்த நொடியில் நெட் அறுந்துவிடும். எடுக்காதபோதும் வேகத்தைத் தின்றுகொண்டிருக்கும். காலர் ஐடி பெட்டி, ஃபேக்ஸ் மெஷின் மாட்டியிருந்தால் அதுவும் இதே கணக்குத்தான்.

போனையே கழற்றிவிட்டு கம்பியை மட்டும் சுவரில் தொங்க விட்டிருப்பதும் கெடுதல்தான். முனை திறந்த கம்பி, போன சிக்னலைத் திருப்பி அனுப்பும். கம்பியின் நீளம் எந்த அலையின் கால் பங்குக்குச் சமமோ அந்த அலைவரிசை லைனிலிருந்து அழிந்துவிடும். 20 முதல் 50 மீட்டர் வரை நீளமுள்ள கிளை, ஏடிஎஸ்எல்2+ பயன்படுத்தும் மேல் பகுதியில் நேராகக் கை வைக்கும். மாடிக்கு இழுத்த வயர் பெரும்பாலும் அந்த நீளம்தான். உபயோகிக்காத கிளையை ரொசெட்டிலேயே கழற்றி எடுத்துவிடுங்கள். முனையை வெட்டி டேப் சுற்றினால் போதாது.

வீட்டு வயரிங் சந்தேகமா, கம்பம் சந்தேகமா என்று பிரிக்க ஒரே வழி இதுதான். முதல் ரொசெட்டின் மூடியைத் திறந்து, உள்ளே போகும் எல்லா வயரையும் கழற்றிவிட்டு, வெளியே கம்பத்திலிருந்து வரும் டிராப் வயரின் இரண்டு கம்பியை மட்டும் விட்டுவைத்து, அதில் மோடத்தை நேராக மாட்டி, இரண்டு நிமிடம் பொறுத்து எண்களைப் பாருங்கள். போன் லைனில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் டிசி ஓடும்; அதனால் ஒன்றும் ஆகாது. மணி அடிக்கும்போது 75 வோல்ட் ஏசி வரும், சுருக்கென்று இழுக்கும். கம்பியின் செப்புப் பகுதியில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் நேரத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மல்ட்டிமீட்டர் இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிய நிலையில் 48ஐ ஒட்டி வருகிறதா என்றும் பார்க்கலாம். வெகுவாகக் குறைந்தால் வெளியே எங்கோ ஈரத்தில் கசிகிறது.

இந்தச் சோதனையில் மார்ஜின் ஏறினால் பழி வீட்டு வயரிங் மேல். கரண்டுக்கு வாங்கிய ஃப்ளெக்ஸ் வயரைப் போன் லைனுக்கு இழுத்திருப்பார்கள். அது முறுக்காத ஜோடி, இரைச்சலை ஆன்டெனா போல இழுக்கும். நெட்வொர்க் கடையில் கிடைக்கும் கேட்-5இ கேபிளில் நீல ஜோடியை மட்டும் எடுத்து இழுத்துவிடுங்கள். ரொசெட்டிலிருந்து மோடத்துக்குப் போகும் தட்டை வயர் இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். தூரம் தேவையென்றால் மோடத்தை ரொசெட் பக்கத்திலேயே வைத்து, லேன் கேபிளை நீளமாக இழுப்பதுதான் புத்திசாலித்தனம். ரொசெட்டின் ஸ்க்ரூவில் பச்சை பூத்திருந்தால் கம்பி முனையை அரை அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி, ஸ்க்ரூவை இறுக்குங்கள். இரண்டு கம்பியை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றிய ஜாயின்ட் வெளிச்சுவரில் இருந்தால், ஐப்பசி கார்த்திகை மழைக்குள் அதை ஜெல் நிரப்பிய கனெக்டராக மாற்றிவிடுங்கள். பல்லில்லாத இடுக்கியால் ஒரே அழுத்து, வேலை முடிந்தது.

ரொசெட்டிலேயே எண்கள் மோசமென்றால் இனி பிஎஸ்என்எல்லின் வேலை. "நெட் ஸ்லோ" என்று மட்டும் புகார் சொன்னால் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வதோடு முடிந்துவிடும். வருகிற லைன்மேனிடம் எண்களோடு பேசுங்கள்: "அண்ணே, ரொசெட்ல நேரா மாட்டிப் பாத்தாச்சு. அட்டெனுவேஷன் 31 இருந்தது 39 காட்டுது, மார்ஜின் மழைக்கு அப்புறம் 12லேருந்து 4க்கு வந்துடுச்சு. டி.பி.ல ஜாயின்ட்டைப் பாருங்க." அவரும் டி.பி. பெட்டியிலேயே இதே மோடத்தை மாட்டிப் பார்க்கலாம், பக்கத்தில் கரண்ட் கிடைத்தால். அங்கே நன்றாக இருந்தால் டிராப் வயரை மாற்ற வேண்டும். அங்கேயும் மோசமென்றால் பில்லர் வரை கேபிளில் கோளாறு. வேறு ஜோடிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஜோடி காலி இல்லை என்று பதில் வந்தால், அந்த லைனில் வேகத்தை எதிர்பார்ப்பதை விட்டுவிடலாம்.

செட்டிங்ஸைப் பற்றிச் சுருக்கமாக. பிஎஸ்என்எல்லுக்கு இணைப்புப் பக்கத்தில் நிரப்ப வேண்டியவை: விபிஐ 0, விசிஐ 35, பிபிபிஓஇ, எல்எல்சி. எம்டியு (ஒரே தடவையில் அனுப்பும் டேட்டாவின் உச்ச அளவு, பைட்டில்) 1492க்கு மேல் போகக் கூடாது. மாடுலேஷனை (எந்த ஏடிஎஸ்எல் வகையில் இணைவது என்ற தேர்வு) ஆட்டோவில் விடுங்கள். லைன் நீளம் 3 கிலோமீட்டருக்கு மேல் போய், அடிக்கடி அறுந்தால் பழைய வகைகளான ஏடிஎஸ்எல்2 அல்லது ஜி.டிஎம்டி என்று கட்டாயப்படுத்திப் பார்க்கலாம். அந்தத் தூரத்தில் மேல் அலைவரிசை எப்படியும் வந்து சேராது. அதைத் தேடுவதை மோடம் விட்டுவிட்டால் லைன் நிலையாக நிற்கும்.

கம்பி சரி, கரண்ட் ரேட்டும் சரி, ஆனாலும் மந்தம் என்றால் முதலில் ஒரு கணினியை லேன் கேபிளில் மாட்டி ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். கேபிளில் வேகம் வந்தால் வைஃபைதான் பிரச்சனை; சேனலை 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். கேபிளிலும் மந்தமென்றால் மாத வரம்பு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தீர்ந்த பிறகு வேகத்தைக் குறைப்பது ப்ளானிலேயே எழுதியிருக்கும். அதுவும் இல்லையென்றால் அப்ஸ்ட்ரீமைக் கவனிக்க வேண்டும். இதையும் பலர் கோட்டை விடுகிறார்கள். காப்பரில் மேல்நோக்கிய வேகம் 512 கேபிபிஎஸ், மிஞ்சினால் 1 எம்பிபிஎஸ். கல்யாண வீட்டுப் போட்டோக்களை யாராவது போனிலிருந்து கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் அந்தச் சின்ன வழி அடைத்துவிடும். டவுன்லோட் பண்ணும்போது "வந்து சேர்ந்தது" என்ற பதிலும் அதே வழியில்தான் மேலே போக வேண்டும்; பதில் தாமதமானால் கீழே வருவதும் நின்றுவிடும். இந்த மோடத்தில் பேண்ட்வித் கன்ட்ரோல் என்ற மெனு இருக்கிறது. அப்ஸ்ட்ரீம் மொத்தத்தை கரண்ட் ரேட்டில் 85 சதவீதமாகப் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி பெருமளவு தீரும். விலை மலிவான மோடத்தில் இது இருப்பது நல்ல விஷயம்.

குறைகளும் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இல்லை, அடுக்குமாடியில் 2.4இல் நெரிசல் தாங்காது. டோன் வாரியான வரைபடம் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இல்லை. கிளை வயர் எந்த அலைவரிசையைத் தின்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, மேக்ஸ் ரேட்டை வைத்து ஊகிக்கத்தான் வேண்டும். எரர்ஸ் வரியும் மொத்த எண்ணிக்கையாகவே ஏறிக்கொண்டு போகும். பத்து நிமிடத்துக்கு எவ்வளவு ஏறியது என்று நீங்களே கழித்துப் பார்க்க வேண்டும். ரவுட்டராக மாற்றினாலும் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும்.

இப்போது இதைப் புதிதாகத் தேடி அலைவதைவிட சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழையதாக வாங்குவதுதான் நடைமுறை. 8961 வரிசையை வாங்குபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: 2014இல் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்திய, ரோம்பேஜர் என்ற மோடம் மென்பொருளில் இருந்த ஓட்டை டிடி-டபிள்யூ8961என்டியையும் பாதித்தது. அப்படிப்பட்ட மோடத்தில் டிஎன்எஸ்ஸை வெளியிலிருந்தே மாற்றிவிட முடியும். தளங்கள் மெதுவாகத் திறப்பதற்கும் வேறெங்கோ போவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். எந்த மாடலாக இருந்தாலும் ஊசியால் ரீசெட் அழுத்தி, புது ஃபர்ம்வேர் போட்டு, ரிமோட் மேனேஜ்மென்ட்டை மூடி, டிஎன்எஸ்ஸில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய மோடத்தில் இன்னொரு ஆபத்து, இடி வாங்கியது. விளக்குகள் எல்லாம் எரியும், லைனும் இணையும், ஆனால் மார்ஜின் மட்டும் எப்போதும் பாதியாக இருக்கும். கடையில் வெறும் கரண்ட் கொடுத்துப் பார்த்தால் இது தெரியாது. வீட்டில் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள். இப்போதைய மோடத்தின் ஐந்து எண்களையும் எழுதி வைத்துக்கொண்டு, அதே ரொசெட், அதே வயர், அதே நேரத்தில் மாட்டிப் பாருங்கள். அட்டெனுவேஷன் ஒன்றாகவே இருந்து மார்ஜின் 3 டெசிபெல்லுக்கு மேல் குறைந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.